ஒற்றை முட்டையின் விலை

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் முட்டை விலையை எழுதி வைப்பதற்கென்றே ஒரு சிலேட்டு உண்டு. அண்ணாச்சியின் மகன் ஒன்றாம் வகுப்பில் எழுதிய சிலேட்டு அது. மரச்சட்டத்தின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டதால் கம்பியால் கட்டி, வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். 2025 நவம்பரில் ஒரு நாள் மாலை தயிர் வாங்கப் போயிருந்தபோது, அவர் கட்டை விரலை ஈரத் துணியில் ஒற்றி, சிலேட்டில் இருந்த 7ஐ அழித்து 8 என்று எழுதிக்கொண்டிருந்தார். நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை 6 ரூபாயைத் தாண்டிவிட்டது, இதுவரை இல்லாத உச்சம் என்ற செய்தியை அந்த வாரம் நானும் படித்திருந்தேன். ஆனால் பண்ணை விலை ஐந்து காசு, பத்துக் காசு என்று படிப்படியாகத்தான் ஏறியிருந்தது. சிலேட்டிலோ ஒரே துடைப்பில் நூறு காசு ஏறியது.

கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏழரைன்னு எழுதலாம் சார். அரை ரூபா யாரு தர்றா, யாரு வாங்குறா?" என்றார். திருச்சிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் தூத்துக்குடிப் பேச்சு சற்றும் குறையாத மனிதர். அந்தப் பதிலைக் கேட்டு வீட்டுக்கு வந்தவன், பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, அன்று முதல் ஆறு வாரங்களுக்கு முட்டைக் கணக்கு எழுதினேன். நாங்கள் நான்கு பேர். மாதத்துக்கு நான்கு அட்டை, அதாவது நூற்றிருபது முட்டைகள் செலவாகும் வீடு. எங்கு வாங்கினேன், என்ன விலை, எத்தனை முட்டை உடைந்திருந்தது, எத்தனை முட்டையின் மஞ்சள் கரு சட்டியில் விழும்போதே கலைந்தது என்பது வரை எழுதினேன். மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்றாள். ஆனாலும் கடைசிப் பத்தியை நிரப்பியவள் அவள்தான்.

தமிழ்நாட்டில் முட்டைக்கு விலை வைக்கும் ஊர் நாமக்கல் என்பது எல்லோருக்கும் தெரியும். நாமக்கல்லிலும் அதைச் சுற்றியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன; நாளொன்றுக்கு ஐந்து கோடி முட்டைகளுக்குக் குறையாமல் அங்கிருந்து வெளியேறுகின்றன. 2023-24ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் உற்பத்தியான முட்டைகள் ஏறத்தாழ 14,277 கோடி என்றும், அதில் தமிழ்நாட்டின் பங்கு 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்றும் ஒன்றிய அரசின் கால்நடைப் புள்ளிவிவரம் கூறுகிறது; நமக்கு முன்னால் நிற்பது ஆந்திரம் மட்டுமே. விலையை அறிவிப்பது அரசு அன்று. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்ற பண்ணையாளர் அமைப்பு. வியாபாரிகள் வைத்ததே விலை என்று இருந்த காலத்தில், போட்ட தீவனக் காசுகூடத் திரும்பாமல் பண்ணைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது, பி.வி. ராவ் என்பவரின் முன்முயற்சியில் 1982இல் அது தொடங்கப்பட்டது. தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் நிலை நெல் விளைவிப்பவருக்கோ தக்காளி பயிரிடுபவருக்கோ இன்றுவரை வாய்க்கவில்லை. அந்த வகையில் முட்டைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு முழுக்கச் சரியில்லை என்று மோகனூர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் மனைவிவழி உறவினர் ஒருவர் எனக்குப் புரிய வைத்தார். குழு அறிவிப்பது ஒரு பரிந்துரை விலைதான். அந்த விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அறிவிக்கப்பட்ட விலையிலிருந்து இத்தனை காசு குறைத்துக்கொண்டுதான் எடுப்போம் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அந்தக் குறைப்புக்கு நாமக்கல் வட்டாரத்தில் 'மைனஸ்' என்று பெயர். தேவை மந்தமாக இருக்கும் நாட்களில் மைனஸ் பெருகும். தேவை ஏறினால் சுருங்கும். முட்டை நெல்லைப்போல மூட்டை கட்டி வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் அன்று. கோழி இன்று இட்டதை இந்த வாரத்துக்குள் வண்டியேற்றியாக வேண்டும்; அடுத்த நாள் அதே கோழி இன்னொன்று இட்டு வைத்திருக்கும். எனவே மைனஸ் எவ்வளவு என்றாலும் தலையாட்ட வேண்டிய நாட்களே ஆண்டில் அதிகம். "விலையைப் பேப்பர்ல பாக்கறீங்க மாப்ள. மைனஸ் எந்தப் பேப்பர்ல வருது?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவருடைய கொட்டகையில் நின்று பார்த்தால் விலையேற்றத்தின் வேர் தீவன மூட்டையில் இருப்பது தெரியும். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பெரும்பகுதி மக்காச்சோளம்; பிறகு சோயாப் புண்ணாக்கு, தவிடு, ஓடு கெட்டியாவதற்குக் கிளிஞ்சல். பண்ணைச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. நூறு கோழிகள் இருந்தால் தினமும் நூறு முட்டை கிடைத்துவிடாது. தொண்ணூறு வந்தாலே நல்ல கொட்டகை என்பார்கள். அப்படியானால் தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறும்போது முட்டையின் அடக்க விலை பன்னிரண்டு காசு ஏறுகிறது என்பது சாதாரணப் பெருக்கல். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக மக்காச்சோளத்தை ஆலைகள் வாங்கத் தொடங்கிய பிறகு, கோழியும் காரும் ஒரே தானியத்துக்குப் போட்டியிடுகின்றன. நாம் வண்டிக்குப் போடும் எரிபொருளுக்கும் தட்டில் விழும் ஆம்லெட்டுக்கும் இப்படி ஒரு பங்காளிச் சண்டை மூளும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தேவை மறுபக்கம். என் சிறுவயதில் கார்த்திகை பிறந்தால் முட்டை மலிவாகும். தெருவில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் அவர்கள் வீட்டிலேயே இருப்பவர்கள். புரட்டாசியிலும் அப்படித்தான். புரட்டாசியில் இப்போதும் விலை சற்றுத் தணிகிறது. ஆனால் கார்த்திகை, மார்கழியின் விலையை இன்று நம் விரதம் தீர்மானிப்பதில்லை, வடநாட்டுக் குளிர்தான் தீர்மானிக்கிறது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் குளிர் ஏறினால் முட்டை கூடுதலாக விற்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கேக்குகள் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஆந்திர, தெலங்கானா முட்டைகள் வடக்கே போக, தெற்கில் நாமக்கல்லின் கை ஓங்குகிறது. 2023 ஜனவரியில் பண்ணை விலை 5 ரூபாய் 65 காசைத் தொட்டபோது அதை வரலாறு காணாத விலை என்று செய்தித்தாள்கள் எழுதின. வரலாறு மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை.

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம் உண்டு. வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் நாமக்கல் முட்டை நெடுங்காலமாகப் போகிறது. 2023இல் இலங்கையில் முட்டை விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, அந்த அரசு இந்தியாவிலிருந்து முட்டையை இறக்கி முதலில் பேக்கரிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் ஒரு டஜனின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட் ஆனது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் நாமக்கல்லில் இருந்து அமெரிக்காவுக்கும் முட்டை கப்பலேறியது. ஆயினும் ஏற்றுமதியால்தான் நமக்கு விலை ஏறுகிறது என்று டீக்கடையில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. தினமும் ஐந்து கோடி உற்பத்தியாகும் இடத்தில் கப்பலேறுவது சிறு பகுதியே.

இனி என் நாட்குறிப்புக்கு வருகிறேன்.

முதலில் மொத்த வியாபாரக் கடை. காந்தி மார்க்கெட்டை ஒட்டிய தெரு ஒன்றில், பழைய ஓட்டுக் கட்டடத்தின் திண்ணையில் அட்டை அட்டையாக அடுக்கி வைத்து விற்கிறார்கள். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. ஏழு அட்டை சேர்ந்தது ஒரு பெட்டி, இருநூற்றுப் பத்து முட்டை. இது நாடு முழுவதற்கும் உள்ள கணக்கு. நான் போன அன்று ஓர் அட்டை 192 ரூபாய், அதாவது முட்டை 6 ரூபாய் 40 காசு. கடைக்கார அம்மா ஒரே நேரத்தில் ஒரு கையால் மூன்று முட்டைகளை எடுத்து உள்ளங்கைக்குள் மெல்ல உருட்டுவார். ஓடுகள் ஒன்றோடொன்று உரசும்போது 'கிண்' என்று கேட்டால் நல்லது, 'டக்' என்று மட்டையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று பொருள். அப்படி விலக்கிய முட்டைகள் தனி அட்டையில் சேரும். அவை பரோட்டாக் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் மலிவாகப் போகின்றன. ஓர் அட்டையை அவர் பார்த்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் வீட்டுக்கு வந்து முயன்று பார்த்து ஒன்றை உடைத்தேன். அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், முப்பது முட்டைகளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உறையூர் வரை வேகத்தடைகளைக் கடந்து வர வேண்டும். பெட்ரோலை அட்டையின் மீது ஏற்றினால் முட்டைக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வந்துவிடுகிறது. வேறு வேலையாகப் போகும் நாளில் வாங்கினால் மட்டுமே அந்த 6.40 உண்மையான விலை.

அடுத்தது சூப்பர் மார்க்கெட். அங்கே முட்டை இருக்கும் அலமாரியில் முட்டையைத் தவிர எல்லாச் சொற்களும் இருக்கின்றன: மூலிகை, ஒமேகா, பண்ணைப் புதுமை, குழந்தைகளுக்கானது. சாதாரண வெள்ளை முட்டை பத்துக் கொண்ட பெட்டி 88 ரூபாய். விசேடத் தீவனம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆறு முட்டைகளின் பெட்டி 84. தீவனத்தை மாற்றினால் முட்டையின் கொழுப்பு அமிலங்களை ஓரளவு மாற்ற முடியும் என்பது உண்மைதான். அதற்காக மீன் சாப்பிடும் திருச்சிக்காரர் ஒன்றரை மடங்குக்கு மேல் விலை கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. பெட்டியில் அடைத்த தேதியைப் பார்த்தபோது எட்டு நாட்கள் ஆகியிருந்தன. கெட்டுப்போகவில்லை, ஆனால் தண்ணீரில் போட்டபோது படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நின்றது. முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும். புதியது படுக்கும், பழையது நிற்கும், கூமுட்டை மிதக்கும். அண்ணாச்சி கடையில் வாங்கியது எல்லா வாரமும் படுத்தே கிடந்தது. அவர் வாங்குகிற இரண்டு மூன்று அட்டைகள் அன்றைக்கே தீர்ந்துவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டியைவிட வேகமான விற்பனைதான் முட்டைக்கு நல்ல பாதுகாப்பு.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதல் முறை விலை குறைவு, இரண்டாம் முறை கூலி, மூன்றாம் முறை கூலியோடு கையாளும் கட்டணம். ஒரு முறை பன்னிரண்டில் மூன்று உடைந்து வந்தன. படம் எடுத்து அனுப்பியதும் பணத்தைத் திருப்பிவிட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. மழை நாளுக்கு உதவும்.

நாட்டுக்கோழி முட்டையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆறு வாரங்களில் எங்கள் தெருவில் நடந்த பெரிய மாற்றம் அதுதான். டிசம்பரில், பண்ணை முட்டையில் தடைசெய்யப்பட்ட நைட்ரோஃபியூரான் மருந்தின் எச்சம் இருக்கிறது, அது புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற காணொளிகள் கைபேசி கைபேசியாகச் சுற்றின. முட்டை உற்பத்தியில் அந்த மருந்துக்கு அனுமதியே இல்லை, நாட்டில் விற்கும் முட்டைகள் உண்ணத் தகுந்தவை, புற்றுநோயோடு முடிச்சுப் போடுவது தவறானது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விளக்கம் கொடுத்தது. விளக்கத்தை யார் முன்னனுப்புகிறார்கள்? எதிர்வீட்டு அக்கா மறுநாளே பண்ணை முட்டையை நிறுத்திவிட்டு, ஒன்று 15 ரூபாய் என்று பழுப்பு நிற முட்டைகளை வாங்கத் தொடங்கினார்.

பழுப்பு நிறம் நாட்டுக்கோழிக்கு அடையாளம் ஆகாது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளரும் பண்ணைக்கோழிகளிலேயே பழுப்பு முட்டை இடும் இனங்கள் உண்டு. உண்மையான நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் சேர்த்தே நூறு முட்டை இட்டால் பெரிது. நடுவில் அடை உட்கார்ந்துவிடும். பண்ணைக்கோழி ஓர் ஆண்டில் முந்நூறுக்கு மேல் இடுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்தால் மாநகரம் முழுக்க எல்லாக் கடையிலும் தினமும் தட்டு நிறைய நாட்டு முட்டை எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் தானாகவே எழும். நான் வாங்கியது வாரச் சந்தையில் நெல் உமி நிரப்பிய கூடையோடு வரும் ஒரு பாட்டியிடம். கூடையில் மொத்தம் பதினேழு முட்டைகள். ஒன்று புறாமுட்டையைவிடச் சற்றே பெரியது, ஒன்று நீளமானது, நிறத்தில் வெளிர் சந்தனம் முதல் இளஞ்சிவப்பு வரை. ஒரே அளவில், ஒரே நிறத்தில் அச்சில் வார்த்ததுபோல இருந்தால் அது நாட்டு முட்டை அன்று என்று சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. பாட்டி ஒன்றுக்கு 14 ரூபாய் கேட்டார். பத்து எடுத்தால் பேரம் உண்டா என்றேன். "கோழிகிட்ட கேட்டுட்டு வாரேன் சாமி" என்றார்.

ஆறு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பளித்தது பெட்டி முட்டையின் விலையும் அன்று, நாட்டு முட்டையின் விலையும் அன்று. அவற்றை வாங்குபவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். ஒரே நாமக்கல், ஒரே வெள்ளை முட்டை. அதற்கு அட்டையாக வாங்கிய நான் 6.40 கொடுத்தேன், தெருமுனையில் ஒன்றே ஒன்று வாங்கியவர் 8 ரூபாய் கொடுத்தார். நான்கில் ஒரு பங்கு கூடுதல். அண்ணாச்சி கடையில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். சித்தாள் வேலை முடித்து வரும் பெண்கள் இரண்டு முட்டை. மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கும் வடநாட்டுப் பையன்கள் மூன்று முட்டை. பிள்ளைகள் கையில் டம்ளரைக் கொடுத்து அனுப்பும் வீடுகள் ஒரு முட்டை. அட்டை வாங்க 192 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிந்தவர் யாரும் அந்த வரிசையில் இல்லை. அட்டையை வைக்க இடமுள்ள சமையலறையும் அவர்களில் பலருக்கு இல்லை.

அண்ணாச்சி கொள்ளை அடிக்கிறார் என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும்; ஆனால் அவருடைய கணக்கையும் போட்டுப் பார்த்தேன், அவர் முன்னாலேயே. முட்டை வண்டிக்காரர் அவருக்கு அட்டையை 180க்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்று உடைந்து இருபத்தொன்பது விற்றால் 7 ரூபாய் வீதம் 203 வரும். லாபம் 23 ரூபாய். வண்டிக்காரர் விலை 200 ஆனதும் அதே 203க்கு விற்றால் லாபம் 3 ரூபாய். முப்பது முட்டையைக் காகிதத்தில் சுருட்டி, நூல் சுற்றி, நான்கு பேருக்குக் கடன் எழுதி, மூன்று ரூபாய். எட்டுக்கு விற்றால் 232, லாபம் 32. பழைய லாபமே போதும் என்றால் அவர் ஒரு முட்டையை ஏறக்குறைய 7 ரூபாய் 70 காசுக்கு விற்க வேண்டும். அந்த விலை சிலேட்டில் எழுதக் கூடியது, கல்லாவில் வாங்கக் கூடியது அன்று. 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும், கடைத்தெருவில் செல்லாது. எனவே பண்ணையிலிருந்து ஐந்து ஐந்து காசாக நடந்து வரும் விலை, தெருமுனையில் ஒரு ரூபாய் உயரமுள்ள படியை ஏற வேண்டியிருக்கிறது. இறங்கும்போதும் அதே படி. ஆனால் இறங்க யாருக்கும் அவசரமில்லை. பண்ணையில் ஒரு ரூபாய் முழுதாகக் குறையும் வரை சிலேட்டு அசையாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

விந்தை என்னவென்றால், காசு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, கைபேசிக்குள் குடிபோய்விட்டது. கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்து நான் 7 ரூபாய் 70 காசைத் துல்லியமாக அனுப்பலாம். அட்டையாக வாங்கும் எனக்கு அது தேவையே இல்லை. டம்ளரோடு வருபவரிடம் கைபேசி இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு யோசனை சொன்னேன்: ஒன்று 8, இரண்டு 15 என்று எழுதுங்கள். சற்று நேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டு எழுதினார். இரண்டு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தொடர்ந்து இரண்டு வாங்கினார்கள், ஒரு ரூபாய் மிச்சம். மூன்று வாங்கிய பையன்கள் நான்குக்கு மாறினார்கள். பக்கத்து பேக்கரியில் இதே காலத்தில் முட்டை பப்ஸ் விலை ஏறவில்லை. உள்ளே இருந்த அரை முட்டை கால் முட்டையாக மாறியது. அதைப் பப்ஸ் என்பதா, முட்டையின் நினைவு என்பதா தெரியவில்லை. அதோடு ஒப்பிட்டால் அண்ணாச்சியின் சிலேட்டு நேர்மையானது.

டம்ளர் கொண்டு வருபவர்களில் ஒரு சிறுமி உண்டு. மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். எவர்சில்வர் டம்ளருக்குள் முட்டையை வைத்து, மேலே உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி நடப்பாள். நவம்பர் முழுவதும் அவளைச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்தேன். காரணம் பிடிபட எனக்குச் சில வாரங்கள் ஆயின. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியில் சத்துணவோடு முட்டை கிடைக்கிறது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இங்கே திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள பாப்பாக்குறிச்சியில்தான்; நாமக்கல்காரர்களுக்கு விலைக் குழு அமைந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் சேர்வதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர்ந்து, 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. நாமக்கல் பண்ணைகளுக்கு அது ஒரு நிலையான சந்தை. அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஐந்து நாள் நிம்மதி. பண்ணை விலை 6 ஆனாலும் 7 ஆனாலும் பள்ளித் தட்டில் விழும் முட்டைக்கு அவள் காசு கொடுப்பதில்லை. சந்தை விலை அவளைத் தொடுவது வார இறுதியில் மட்டும்தான்.

வார இறுதியிலும், விடுமுறையிலும். அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசி வாரம் பள்ளி மூடினால், ஜனவரி தொடக்கத்தில்தான் திறக்கும். வடக்கே குளிர் உச்சத்தில் இருக்கும், கேக் அடுப்புகள் அணையாத அதே பத்து நாட்கள். முட்டை விலை ஆண்டிலேயே மிக உயரத்தில் இருக்கும் நேரத்தில் சத்துணவு முட்டை நின்று, அந்த வீடுகள் எல்லாம் தெருமுனைக் கடைக்கு வருகின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கோழித் தீவனம், கொல்கத்தாவின் குளிர், பள்ளி நாட்காட்டி, ஐம்பது காசு நாணயம் எல்லாம் தனித்தனியே தங்கள் போக்கில் நடந்து, அண்ணாச்சியின் சிலேட்டில் வந்து சந்தித்துக்கொள்கின்றன.

விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள், ஞாயிறும் சனியும் இல்லாத ஒரு மாலையில், அவள் டம்ளரோடு நின்றாள். "ரெண்டா எடுத்தா பதினஞ்சு பாப்பா" என்றார் அண்ணாச்சி, சிலேட்டைக் காட்டி. அவள் அதைப் படித்தாள். கையைத் திறந்து பார்த்தாள். ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு இரண்டு, ஒரு ஒன்று. "ஒண்ணு போதும்" என்று அவற்றைக் கல்லாப் பலகையில் வைத்தாள். அவர் அட்டையில் இருந்த முட்டைகளில் கண்ணை ஓட்டி, பெரிதாக ஒன்றைத் தேடி எடுத்து, டம்ளருக்குள் இறக்கினார்.